குளம்பும் பொன்னும்: பாண்டியர் குதிரை வணிகம் கற்பிக்கும் பாடம்



அண்மையில் மாணவர்களுடன் ஜொகூர் பாருவின் புறநகரில் உள்ள ஒரு குதிரை லாயத்திற்குச் சென்றிருந்தேன். அங்கு 24 வயதுடைய முதிய குதிரை ஒன்று, முன்கால்களை ஊன்றத் தயங்கி நின்றது. லாடம் அடிப்பவர் அதன் காலைத் தம் தொடைகளுக்கிடையே பற்றிக்கொண்டு, வளர்ந்திருந்த குளம்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். "இவர் வராவிட்டால் என்ன ஆகும் ஐயா?" என்று ஒரு மாணவன் வினவினான். அதற்கான விடை நம் வரலாற்றிலேயே உள்ளது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகளும் பாரசீக நாட்டுக் குதிரைகளும் வந்து இறங்கின. கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பாடு இருந்தது என்றும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதியுள்ளார். வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டதாம்.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஓராண்டிற்குள் பெரும்பாலான குதிரைகள் மடிந்தன என்கிறார். குதிரைகளைப் பேணவும் நோய் தீர்க்கவும் அறிந்தவர் அந்நாட்டில் இல்லை. குதிரை வணிகர்கள் அத்தகையோரை அங்கே செல்ல விடவுமில்லை. குதிரைகள் இறந்தால்தானே மீண்டும் விற்கலாம்! அங்குப் பிறந்த குட்டிகளும் கால் கோணிச் சவாரிக்கு உதவவில்லை என்று அவர் குறிக்கிறார்.

பயணியின் கூற்றில் மிகை இருக்கலாம். ஆயினும் உணவு பற்றிய செய்தி கருதத்தக்கது. சோறும் வேகவைத்த இறைச்சியும் கொடுத்தனர் என்கிறார் போலோ. வறுத்த பார்லி, நெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்கிறார் வசாப். மாவுச்சத்து மிகுந்தால் அது குதிரையின் பெருங்குடலில் புளித்து, குளம்பினுள் எலும்பைத் தாங்கும் மெல்லிய இழைகளைச் சிதைக்கும் என்பது இன்றைய கால்நடை மருத்துவம் கண்ட உண்மை. லேமினைட்டிஸ் எனப்படும் இந்நோய் முற்றினால் அவ்வெலும்பே கீழ்நோக்கிச் சரியும். பாண்டியர் குதிரைகள் அனைத்தும் இதனால்தான் இறந்தன என்று கூற இயலாது. எனினும், அன்புடன் ஊட்டிய உணவே பல குதிரைகளை முடக்கியிருக்கக்கூடும்.

பாரதத்தில் குதிரை நூல்கள் இல்லாமலில்லை. சாலிகோத்திரர், நகுலன் ஆகியோர் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரங்கள் உண்டு. ஆயினும் ஏட்டில் இருக்கும் அறிவு, குளம்பைத் தூக்கிப் பிடிக்கும் கைக்கு வந்து சேரவேண்டுமே! தமிழகத்தில் அவ்வறிவை முறையாகக் கற்பிக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி சென்னை வேப்பேரியில் தோன்றியது 1903இல்தான்.

ஜொகூரில் ஆண்டு முழுதும் மழை உண்டு. ஈரத்தில் குளம்பு மென்மையாகும், அழுகலும் பற்றும். எனவே நாள்தோறும் குளம்பின் அடியைச் சுரண்டித் தூய்மை செய்தல், படுக்கையை உலர்வாக வைத்தல், 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீர்செய்தல், தானியத்தைக் குறைத்துப் புல்லை முதன்மையாக்குதல் ஆகியவை இன்றியமையாதவை. முதிய குதிரைகளுக்குச் சுரப்பிக் கோளாற்றாலும் லேமினைட்டிஸ் வருமாதலால், இரத்தப் பரிசோதனையும் தேவை.

மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "அவர் வராவிட்டால், ஓர் அரசே தன் பொன்னைக் கடலில் கொட்டியது போலாகும், தம்பி." தொழில் அறிந்த ஒருவரின் கூலியை வீண்செலவு என்று எண்ணுவோர் காயல் துறைமுகத்தை ஒருகணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.