விளக்கம் இல்லாத கையெழுத்து: கலிபோர்னியாவின் 18 வருஷக் கதை

1) ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்து வாங்குறோம். என்ன, ஏன்னு விளக்காம வாங்கினா அது சம்மதம் இல்லை, வெறும் மை. ஒரு பள்ளிக்கூடச் சட்டமும் இதே இடத்துலதான் சறுக்கியது.

2) சான் பிரான்சிஸ்கோவில் இங்கிலீஷ் தெரியாத சுமார் 1,800 சீனப் பிள்ளைகளுக்கு வகுப்பில் தனியா எந்த உதவியும் கிடைக்கலை. 1974-ல் 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெளிவா சொன்னது: எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துட்டா மட்டும் அது சமத்துவம் ஆகாது.

3) கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் முதலான வீட்டு மொழிகளில் வகுப்புகள் நடந்தன. ஆனா எல்லாப் பெற்றோருக்கும் அதில் திருப்தி இல்லை. 1996-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஏழை லத்தீன் பெற்றோர் சிலர், பிள்ளைக்கு இங்கிலீஷ் வரலைன்னு பள்ளிக்கு அனுப்பாமலே போராடினாங்க. அவங்க கவலை நியாயமானது.

4) இந்தப் போராட்டத்தைச் சுட்டிக்காட்டி ரான் அன்ஸ் என்ற தொழிலதிபர் கொண்டு வந்ததுதான் 'முன்மொழிவு 227'. 1998 ஜூனில் 61% வாக்கோடு சட்டமாச்சு. இனி பாடம் இங்கிலீஷில்தான். வீட்டு மொழி வகுப்பு வேணும்னா, பெற்றோர் வருஷா வருஷம் நேரில் வந்து விலக்கு கேட்டு எழுதிக் கொடுக்கணும். இங்கிலீஷ் தெரியாத சின்னப் பிள்ளைன்னா முதல் 30 நாள் இங்கிலீஷ் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் விலக்கு.

5) பேப்பரில் இது பெற்றோரின் உரிமை. நடைமுறையில்? லீவு போட்டா கூலி போயிடும். இப்படி ஒரு படிவம் இருக்குன்னு யாராவது சொன்னாத்தானே தெரியும்? சில மாவட்டங்கள் கூப்பிட்டு விளக்கின, அங்கே வகுப்புகள் தப்பின. மற்ற இடங்களில் மூடினாங்க. மாநிலம் முழுக்க, இங்கிலீஷ் கற்கும் பிள்ளைகளில் சுமார் 30% பேர் இருந்த இருமொழி வகுப்புகள் பாதிக்கும் கீழே சரிந்தன.

6) வீட்டுப்பாடம் அம்மாவுக்குப் புரியாத மொழியில் வந்தா, அம்மா ஒதுங்கிடுவாங்க. படிப்புல அக்கறை இல்லைன்னு பழியும் அவங்க மேலதான் விழும். என் ஓபியில் வடமாநிலத் தொழிலாளி அம்மாவுக்காக எட்டு வயசுப் பையன் பேசும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வரும். தன் பிள்ளை முன்னாடியே வாயில்லாம நிக்கிறது சின்ன வலி இல்லை.

7) 2016-ல் 'முன்மொழிவு 58' 73% வாக்கோடு ஜெயிச்சது. விலக்குப் படிவம் ஒழிந்தது. இங்கிலீஷ் கற்பிப்பது அப்படியே கட்டாயம். கூடவே எந்த மாதிரி வகுப்பு வேணும்னு பெற்றோர் கேட்கலாம். பள்ளியில் 30 பேர், அல்லது ஒரே வகுப்பில் 20 பேர் கேட்டா, முடிஞ்ச வரை பள்ளி ஏற்பாடு செய்யணும்.

8) இங்கிலீஷ் கேட்ட பெற்றோரும் சரி, ஸ்பானிஷ் கேட்ட பெற்றோரும் சரி, தப்பு பண்ணலை. பிள்ளை நல்லா வரணும்னுதான் இரண்டு பேருமே கேட்டாங்க. அவங்களுக்குப் புரியும் மொழியில் உட்கார வச்சு விளக்கின பிறகு வாங்குறதுதான் சம்மதம். ஆஸ்பத்திரியிலும், பள்ளிக்கூடத்திலும்.