சி.டி.4: மருந்தாகாமல் போன ஒரு புரதத்தின் ஆய்வுக்கூட வரலாறு

எய்ட்ஸ் கிருமியான எச்.ஐ.வி. மனித உடலுக்குள் எந்தக் கதவைத் தட்டுகிறது என்ற கேள்விக்கு 1984 டிசம்பரில் விடை கிடைத்தது. லண்டனில் ராபின் வைஸ் குழுவும் பாரிஸில் டேவிட் கிளாட்ஸ்மன் குழுவும் தனித்தனியே செய்த சோதனைகள் ஒரே 'நேச்சர்' இதழில் வெளிவந்தன. டி செல்களின் மேற்பரப்பில் உள்ள சி.டி.4 என்னும் புரதத்தை எதிர்ப்பொருளால் மூடிவிட்டால், கிருமியால் அந்தச் செல்லைத் தொற்ற முடியவில்லை.

நோய் எதிர்ப்பு மண்டலத்தில் சி.டி.4 ஓர் உதவி ஏற்பி. பிற செல்கள் காட்டும் அந்நியத் துணுக்கை டி செல் அடையாளம் காணும்போது, பிடியை உறுதிப்படுத்தி உள்ளே சமிக்ஞை அனுப்புவது அதன் வேலை. அதன் மரபணுவை 1985இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆக்செலின் ஆய்வகத்தைச் சேர்ந்த பால் மாடன் முதலியோர் பிரித்தெடுத்தனர். செல்லுக்கு வெளியே நான்கு மடிப்புப் பகுதிகள், சவ்வைத் துளைத்து நிற்கும் ஒரு பகுதி, உள்ளே ஒரு சிறு வால் என்று அதன் அமைப்பு தெளிவானது. அடுத்த ஆண்டே அந்த மரபணுவை வேறு செல்களில் புகுத்திப் பார்த்தார்கள். மனித ஹீலா செல்கள் தொற்றுக்கு ஆளாயின. எலி செல்களிலோ கிருமி ஒட்டிக்கொண்டது, உள்ளே நுழையவில்லை. இந்தப் புதிர் அவிழப் பத்தாண்டுகள் ஆயின.

இதற்கிடையே துணிச்சலான ஒரு யோசனை பிறந்தது. சவ்வில் நங்கூரமிடும் பகுதியை மரபணுவிலிருந்து வெட்டி நீக்கினால், செல் அந்த ஏற்பியைத் தன்மேல் பதித்துக்கொள்ளாமல் வெளியே சுரந்துவிடும். இந்தக் 'கரையும் சி.டி.4' இரத்தத்தில் மிதந்து, செல்லை எட்டுமுன்பே கிருமியைப் பிடித்துக்கொள்ளும். ஜெனென்டெக் நிறுவனத்தின் குழு இதைச் செய்துகாட்டி 1987 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. சில வாரங்களுக்குள் வேறு பல குழுக்களும் அதே முடிவை அறிவித்தன. தர்க்கம் வலுவானதுதான்: எவ்வளவு உருமாறினாலும், சி.டி.4ஐப் பற்றும் இடத்தை எச்.ஐ.வி. இழக்க முடியாது.

நோயாளிகளிடம் அது பலிக்கவில்லை. 1990இல் வெளியான முதல் மருத்துவச் சோதனைகளில் புரதம் பாதுகாப்பானதாக இருந்தது. கிருமியை அடக்கியதற்குச் சீரான சான்று இல்லை. இரத்தத்தில் அது நெடுநேரம் நிலைக்காதது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணத்தை அதே ஆண்டில் எரிக் டார், டேவிட் ஹோ ஆகியோர் கண்டறிந்தனர். நோயாளிகளிடமிருந்து நேரடியாக எடுத்த கிருமிகளைத் தடுக்க, ஆய்வக வகைகளுக்குத் தேவைப்பட்டதைப் போல் 200 முதல் 2,700 மடங்கு வரை புரதம் தேவைப்பட்டது. ஆய்வகத்தில் வளர்த்த செல்வரிசைகளிலேயே பெருகிப் பழகிய கிருமிகளை வைத்துத்தான் முந்தைய நம்பிக்கை முழுவதும் எழுந்திருந்தது. இந்தப் புரதம் அறிவியலுக்குத் தந்த பெரும் பாடம் இதுவே. நோயாளியிடமிருந்து வந்த கிருமிகளிலும் சோதிக்காமல் எந்த எதிர்ப்பொருளின் வலிமையையும் மதிப்பிடலாகாது என்ற எண்ணம் அதன்பின் வேரூன்றியது.

மருந்தாகக் கைவிடப்பட்ட புரதம் கருவியாக வளர்ந்தது. கரையும் சி.டி.4 கிருமியைப் பிடித்துவைப்பதோடு நிற்பதில்லை, அதன் மேலுறைப் புரதமான ஜி.பி.120இன் வடிவத்தையே மாற்றுகிறது என்பது தெரியவந்தது. வடிவம் மாறியபின் இரண்டாவது ஏற்பிக்கான இடம் திறக்கிறது. அந்த இரண்டாவது ஏற்பிகளான சி.எக்ஸ்.சி.ஆர்.4, சி.சி.ஆர்.5 ஆகியவை 1996இல் அடையாளம் காணப்பட்டன. எலி செல்களில் இல்லாமல் போனது மனித உடலுக்குரிய இந்தத் துணையே. 1998இல் பீட்டர் குவாங், வெய்ன் ஹென்ட்ரிக்சன் முதலியோர் ஜி.பி.120இன் மையப்பகுதியைப் படிகமாக்கி, 2.5 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் அதன் வடிவத்தைப் பதிவு செய்தனர். சி.டி.4இன் முதலிரண்டு மடிப்புகளையும் 17பி என்ற எதிர்ப்பொருளின் துண்டையும் உடன் சேர்த்ததால்தான் அந்த நெளியும் புரதம் படிகத்தில் அடங்கியது. சி.டி.4இன் 43ஆம் அமினோ அமிலமான ஃபினைல்அலனின் ஜி.பி.120இல் உள்ள ஒரு குழியின் வாயில் நிற்பது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

இரத்தத்தில் நிலைக்காத குறையைப் போக்க, டேனியல் கேப்பன் குழு 1989இலேயே சி.டி.4ஐ எதிர்ப்பொருளின் வால்பகுதியோடு இணைத்திருந்தது. எச்.ஐ.வி.க்கு அது மருந்தாகவில்லை. ஆனால் ஏற்பியையும் எதிர்ப்பொருளின் வாலையும் இணைக்கும் அந்த அமைப்பு, மூட்டுவாதத்துக்காக 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எட்டனர்செப்ட் மருந்தில் பயன்பட்டது.

இன்று தடுப்பூசிக்காக வடிவமைக்கப்படும் எச்.ஐ.வி. மேலுறைப் புரதங்கள் இதே சி.டி.4ஐக் கொண்டு சோதிக்கப்படுகின்றன. சி.டி.4 பற்றியபின் திறக்கும் இடத்தையே 17பி எதிர்ப்பொருள் பற்றும் என்பதால், முதலில் தனியாகவும் பிறகு கரையும் சி.டி.4 சேர்த்தும் அது பற்றுகிறதா என்று பார்க்கிறார்கள். சி.டி.4 இல்லாமலே பற்றினால், அந்தப் புரதம் உண்மையான கிருமியைப் போல் மூடிய நிலையில் இல்லை என்று பொருள். அதன் வடிவமைப்பைத் திருத்தி மறுபடியும் சோதிக்க வேண்டும்.