சமர்கந்தின் வானியல் மன்னர்

உலூக் என்னும் சொல் திருவரங்கத்தாரின் செவிக்கு இனியதன்று. 1323-ஆம் ஆண்டு தில்லிப் படையோடு வந்து அரங்கன் திருக்கோயிலைச் சூறையாடிய இளவரசனின் பட்டப்பெயர் உலூக் கான். முகமது பின் துக்ளக் எனப் பின்னாளில் அரியணை ஏறியவன் அவனே. ஊர்விட்டு ஊர் சென்று மறைந்திருந்த நம்பெருமாள் திருவரங்கம் திரும்பியது 1371-இல். துருக்கிய மொழியில் உலூக் என்பதற்குப் 'பெரிய' என்பதே பொருள்; ஆதலின் அது ஒருவனுக்கே உரிய பெயரன்று. அரங்கன் திரும்பிய இருபத்துமூன்றாம் ஆண்டில், 1394-இல், பிறந்த மற்றோர் உலூக்கைப் பற்றியே இங்கே பேச எண்ணுகிறேன்.

அவருடைய இயற்பெயர் முகமது தராகாய். உலூக் பெக், அதாவது பெரிய தலைவர், என்பது வழங்குபெயர். 1398-இல் தில்லியைப் பாழாக்கிய தைமூரின் பேரர் அவர். தந்தை ஷாருக் ஹீராத் நகரிலிருந்து ஆண்டார். மகனோ இளமையிலேயே சமர்கந்தின் ஆட்சியைப் பெற்றார். பாட்டனாரின் போர்த்திறம் பேரருக்கு வாய்க்கவில்லை. 1427-இல் உஸ்பெக்கியரிடம் பெருந்தோல்வி கண்டார். மன்னர்களைப் போர்க்களத்தில் வைத்தே எடைபோடும் வரலாற்று நூல்கள் அவருக்குச் சில வரிகளே ஒதுக்கியதில் வியப்பில்லை. 2017-இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் வெளிவந்தபோது, இப்படியும் ஒருவர் இருந்தாரா என்று கேட்டோர் பலர்.

அவர் சமர்கந்தில் எழுப்பிய வானாய்வுக் கூடத்தின் உயிர்நாடி ஒரு மாபெரும் கல்வில். வடக்கு தெற்காக, ஒரு பகுதி பூமிக்குள் இறங்குமாறு அமைத்த அதன் ஆரம் சுமார் 40 மீட்டர். இத்துணைப் பெரிய கருவி எதற்கு? கையடக்கமான கருவியில் ஒரு பாகையே மெல்லிய கோடாகிவிடும். அதன் அறுபதில் ஒரு பங்கான கலையைப் பிரித்தறிய இயலாது. அந்த வில்லிலோ ஒரு பாகை 70 சென்டிமீட்டர் நீளம். ஒரு கலைக்கே ஒரு விரல் அகலத்திற்குச் சற்றுக் குறைவான இடம் கிடைத்தது. உச்சிவேளையில் ஞாயிற்றின் ஒளி அதில் எங்கே விழுகிறதென்று நாள்தோறும் குறித்தனர். அல்-காஷி, காஜிசாதா, அலி குஷ்ஜி ஆகிய அறிஞர்களோடு மன்னரும் கணக்கிட்டார். 1437-இல் நிறைவெய்திய பட்டியலில் 1018 விண்மீன்கள் இடம்பெற்றன. அங்கே எழாத தென்திசை மீன்கள் சிலவற்றை மட்டும் முன்னோரான அல்-சூஃபியின் நூலிலிருந்து எடுத்ததை அவரே சொல்லிவிடுகிறார். அறிஞர்க்கு அழகான நேர்மை அது.

அவர் கண்ட ஆண்டின் அளவு 365 நாள், 6 மணி, 10 நிமிடம், 8 விநாடி. இன்றைய அளவினும் 58 விநாடியே மிகுதி. நமது வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஆண்டு 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 விநாடி. மிகுதி 3 நிமிடம் 20 விநாடி. சிறிய வேறுபாடுதானே என்று தோன்றும். பிரபவ முதல் அட்சய வரை ஓர் அறுபதாண்டுச் சுற்றில் அது 3 மணி 20 நிமிடமாக வளர்ந்துவிடுகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வாக்கியம், திருக்கணிதம் என்ற வழக்கின் வேர் இத்தகைய வேறுபாடுகளே. திருவரங்கக் கோயிலின் பெயரால் வெளிவருவது வாக்கியப் பஞ்சாங்கம். சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 என்றும், வாக்கியப்படி 2026 மார்ச் 6 என்றும் குறிக்கப்பட்டதை மாணவர்கள் பலர் வீட்டிலேயே கேட்டிருக்கக்கூடும்.

இதைக் கொண்டு நம் முன்னோர் வானத்தைப் பாராமல் வாய்பாட்டையே நம்பினர் என முடிவுகட்டுவது அநீதி. சந்திரனின் போக்கை 248 வாக்கியங்களில் எண்களாகப் பொதிந்து, நினைவிலிருந்தே கணித்த மரபு அது. 1765-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தின் நீளத்தைத் தமிழ்க் கணிதர் முறை 41 விநாடி மட்டுமே குறைத்துக் காட்டியதையும், ஐரோப்பியரான மேயரின் பட்டியல் 68 விநாடி கூட்டிக் காட்டியதையும் புதுச்சேரியில் தங்கிய பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தில் எழுதிவைத்தார். சமர்கந்துப் பட்டியலுக்கு ஆறாண்டு முன்னரே, 1431-இல், கேரளத்துப் பரமேசுவரர் பல்லாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் கண்டு, பழைய கணிதத்தைத் திருத்தித் 'திருக்கணிதம்' என்ற வடமொழி நூலை இயற்றினார். அவர் வழிவந்த நீலகண்டரிடம் வாக்கிய நூலுக்கு உரைகண்ட தமிழ்நாட்டுச் சுந்தரராசர் ஐயங்கள் கேட்டு விடைபெற்றார். திருத்தும் வேட்கை தெற்கிலும் இருந்தது; நாற்பது மீட்டர்க் கல்வில் கட்டித்தர ஓர் அரசர்தாம் இல்லை.

அரசர் இருந்த இடத்திலும் அது நிலைக்கவில்லை. 1447-இல் தந்தை மறைந்தார். இரண்டே ஆண்டில் மகன் அப்துல் லத்தீப் போர் தொடுத்து வென்றான். மக்காவுக்குப் புறப்பட்ட உலூக் பெக் 1449 அக்டோபரில் வழியிலேயே தலைவெட்டிக் கொல்லப்பட்டார். கூடம் பாழாகி மண்மூடிப்போயிற்று. 1908-இல் வியாத்கின் என்ற ருசிய ஆய்வாளரே அகழ்ந்து கண்டார். 1941-இல் கல்லறையைத் திறந்தபோது, கழுத்து எலும்பில் வெட்டின் தடம் தெரிந்தது.

பட்டியலோ பிழைத்தது. அலி குஷ்ஜி அதன் புகழை இஸ்தான்புல் வரை கொண்டு சென்றார். 1665-இல் ஆக்ஸ்போர்டில் அச்சேறியது. தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் கல்லால் வானாய்வுக் கூடங்கள் கட்டிய சவாய் ஜெய்சிங், அதன் விண்மீன் நிலைகளோடு அயன வேறுபாட்டிற்காக 4 பாகை 8 கலை கூட்டித் தம் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

மாசி மாத முன்னிரவில் கொள்ளிடக் கரையில் நின்று தெற்கே நோக்கினால் அகத்திய மீன் அடிவானத்தின்மேல் ஏறத்தாழ 26 பாகை உயரத்தில் ஒளிரக் காணலாம். சமர்கந்தில் அது எழுவதேயில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட மீன்களை அளந்த அம்மன்னர் தம் ஊரிலிருந்து அதை ஒருநாளும் கண்டிருக்க முடியாது.