உரிமையும் மன்னிப்பும்: மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தன் பிழையுணர்ந்த அரசன் ஒருவனைச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை நம் கண்முன் நிறுத்துகின்றது. கண்ணகியின் காற்சிலம்பினுள்ளிருந்து மாணிக்கப் பரல் தெறித்த அளவிலேயே பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உண்மை விளங்கிவிடுகின்றது. பொய்யுரைத்த பொற்கொல்லன்மீது பழி முழுவதையும் ஏற்றித் தான் தப்பிக்கொள்ள அவன் முனையவில்லை. ஆராயாது கொலைத்தண்டம் விதித்த குற்றம் தன்னுடையதே என அவையோர் அறிய, பாதிக்கப்பட்டவளின் முன்னிலையிலேயே அவன் ஏற்றுக்கொண்டான். அதன் பின்னரும் கண்ணகியின் சினம் தணியவில்லை. தவறிழைத்தவன் அதனை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டவன்; ஒப்புக்கொண்டதற்காகப் பாதிக்கப்பட்டவர் மன்னித்தே ஆகவேண்டும் என்னும் நியதி இல்லை.

மன்னிப்புக் கோரலின் இலக்கணம் இக்காட்சியில் அடங்கியுள்ளது எனலாம். இழைத்த தவறு இன்னது எனப் பெயரிட்டுக் கூறுதல், அதனைச் செய்தவர் தாமே என ஏற்றல், இழந்ததை இயன்றவரை ஈடுசெய்தல் என்பன அதன் மூன்று கூறுகளாம். இவற்றுள் ஒன்று குறையினும் மன்னிப்பு நிறைவுறாது. தனிமனிதர்க்குரிய இவ்விலக்கணம் அரசொன்றுக்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. இலங்கையின் வரலாற்றில் இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்புவது மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை வரலாறேயாகும்.

இழைக்கப்பட்ட தவறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர், 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடக்கிய பின்னர், ஹட்டன், நுவரெலியா, பதுளை முதலாய மலைப்பிரதேசங்களில் நிலையாகக் குடியேறினர். கங்காணியின் கடன்பிணைப்பும், லயன் அறைகளின் நெருக்கமும், விடியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்கும் வாழ்வும் அவர்களுக்குரியனவாயின. இந்நாட்டின் அந்நியச் செலாவணியிற் பெரும்பங்கை ஈட்டித்தந்தவை அவர்களது கரங்களே. 1946 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி அவர்களது தொகை ஏறத்தாழ 7,80,000 ஆகும். நாட்டின் மொத்தச் சனத்தொகையில் அது நூற்றுக்கு 11.7 வீதமாக அமைந்தது. அவர்களுட் பெரும்பாலானோருக்கு இந்தியா என்பது பெற்றோர் சொல்லக்கேட்ட ஊர்ப்பெயராக மட்டுமே இருந்தது.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இம்மக்கள் தமது வாக்கினால் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் வெற்றிபெற்றனர். பிற தொகுதிகள் பலவற்றில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்கு உறுதுணையாயின. டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் அடுத்து மேற்கொண்ட நடவடிக்கைக்கு இனவுணர்வுடன் வர்க்க நலனும் காரணமாயிற்று என ஆய்வாளர் பலர் கொள்வதற்கு இதுவே ஆதாரமாகும்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாவதற்குத் தம் தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிறுவவேண்டியிருந்தது. லயன் அறையிற் பிறந்து, பிறப்புப் பதிவும் இன்றி மறைந்த தொழிலாளியின் பேரன் இதனை எவ்வாறு நிறுவுவான்? மறுவருடம் நிறைவேறிய இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்பத்துக்கு வழி வகுத்ததெனினும், தொடர்ச்சியான வதிவையும் வேறு பல தகைமைகளையும் ஆவணங்களாற் காட்டுமாறு கோரியது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. பிரஜாவுரிமை பெற்றோர் 1,34,000 அளவினரே. 1949 ஆம் ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பிரஜைகளுக்கே உரியதாக்கியது. இதனால் 1952 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் வாக்காளர் இடாப்பில் இடம்பெறவில்லை. அவ்வாண்டிற் கொழும்பிலே நடைபெற்ற சத்தியாக்கிரகமும் அரசை அசைக்கவில்லை.

இத்தவறின் இரண்டாம் அத்தியாயம் 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி எழுதப்பட்டது. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பொருட்களைப் பங்கிடுவது போன்று பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 எனக் கணக்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னர் முடிவுசெய்யப்படுமென ஒத்திவைக்கப்பட்டது. 1974 ஆம் ஆண்டில் அவ்வெஞ்சிய தொகையும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. ஒப்பந்தம் செய்த இரு அரசுகளும் அம்மக்களின் விருப்பை வினவவில்லை. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிப் புறப்பட்ட வண்டியை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என அழைத்தனர். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை மறுநாட்டுக்கும் உரியவராகப் பிரிக்கப்பட்ட குடும்பங்களின் கண்ணீரை அப்பெயர் இன்றும் தாங்கிநிற்கின்றது. 1984 ஆம் ஆண்டிற் கப்பற் போக்குவரத்து நின்றுபோவதற்கு முன்னர் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்தனர். அவர்களுட் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலே மீண்டும் கொழுந்துக் கூடை சுமந்தனர். அங்கு அவர்கள் ‘சிலோன்காரர்’ ஆயினர். இலங்கையில் இந்தியராகவும் இந்தியாவில் இலங்கையராகவும் கணிக்கப்பட்ட அவலம் அவர்களுடையது.

தவணைமுறையில் வந்த திருத்தம்

இழந்த உரிமை ஒரேநாளில் மீளவில்லை. 1977 ஆம் ஆண்டில் நுவரெலியா – மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியிலிருந்து தொண்டமான் தெரிவானபோது, முப்பது ஆண்டுகளின் பின்னர் மலையகத் தமிழரின் தொழிற்சங்கத் தலைவரொருவர் மக்கள் வாக்கினால் மீண்டும் பாராளுமன்றம் புகுந்தார். 1986 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், 1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் என்பவை படிப்படியாக நாடற்றோர் நிலையை நீக்கின. இவற்றுள் இறுதிச் சட்டம் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது. இவ்வெற்றிகளுக்குப் பின்னால் தொழிற்சங்கங்களின் நீண்ட போராட்டமும், பிரார்த்தனை இயக்கங்களும், வேலைநிறுத்தங்களும் இருந்தன என்பதை மறத்தலாகாது.

எனினும், இச்சட்டங்களின் தலைப்புகளே ஒரு செய்தியைத் தாங்கிநிற்கின்றன. நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை ‘வழங்கும்’ சட்டம், இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை ‘வழங்கும்’ சட்டம் என்றே அவை பெயர் பெற்றன. வழங்குதல் கொடையாளியின் செயல். மீட்டளித்தல் கடன்பட்டவனின் செயல். பறித்தவர் கையிலிருந்து பறிகொடுத்தவர் கைக்குப் பொருள் மீண்டபோது, அது கொடையெனவே பதியப்பட்டது. ‘நாடற்றோர்’ என்னும் சொல்லும் அத்தகையதே. அவர்கள் இயற்கையாக நாடற்றிருந்தவர்கள் போன்று அச்சொல் ஒலிக்கின்றது. அவர்களை நாடற்றோராக ஆக்கிய சட்டம் எது, ஆக்கியவர் யாவர் என்னும் வினாக்களை அது மறைத்துவிடுகின்றது. மன்னிப்பின் மூன்று கூறுகளுள் ஈடுசெய்தல் ஒருவாறு நிகழ்ந்தது. தவறைப் பெயரிடுதலும் பொறுப்பேற்றலும் சட்டவாசகத்தில் இடம்பெறவில்லை.

பிறர் காட்டிய வழி

அரசுகள் மன்னிப்புக் கோருவதில்லை என்று கூறுவார்க்கு மறுமொழியாக 1988 ஆம் ஆண்டையே எடுத்துக்காட்டலாம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரான தன் பிரஜைகளை முகாம்களில் அடைத்த அமெரிக்கா, அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் நிறைவேறிய குடியியற் சுதந்திரச் சட்டத்தின்மூலம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரியது. இனப் பாகுபாடு, யுத்தகால வெறி, அரசியல் தலைமையின் தவறு ஆகியனவே அநீதிக்குக் காரணமென அச்சட்டமே வெளிப்படக் கூறியதுடன், உயிருடனிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் இழப்பீடும் விதித்தது. அதே 1988 இல் இலங்கையின் 39 ஆம் இலக்கச் சட்டமும் பிறந்தது. இரண்டும் வம்சாவளியின் பெயரால் நிகழ்ந்த அநீதிகளைத் திருத்த எழுந்தவை. ஒன்று தவறைப் பெயரிட்டது; மற்றையது பிரஜாவுரிமையை வழங்கியது. இலங்கையில் அவ்வாண்டு டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது என்பதும் ஈண்டு நோக்கற்பாலது.

பெருந்தோட்டங்களை உருவாக்கிய பிரித்தானியாவும் 2018 ஏப்ரல் மாதத்தில் இதனையொத்த நிலைக்கு உள்ளாயிற்று. கரிபியத் தீவுகளிலிருந்து உழைக்க வந்து, ஆவணம் இன்மையால் அந்நியராக நடத்தப்பட்ட ‘விண்ட்ரஷ்’ தலைமுறையினர் தொடர்பில் பிரதமர் தெரேசா மே மன்னிப்புக் கோரினார். ஆவணம் கேட்டு மனிதரை மறுக்கும் அநீதி ஹட்டனுக்கும் லண்டனுக்கும் பொதுவானது.

இலங்கை அரசும் இம்மரபை அறியாததன்று. 1981 முதல் 1984 வரையிலான இனவன்செயல்களை ஆராய்ந்த ஜனாதிபதி ஆணைக்குழுவின் பணியைத் தொடர்ந்து, 2004 ஜூலை மாதத்தில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 1983 ஜூலை வன்செயல்களுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். கொவிட் காலத்திற் சடலங்களைக் கட்டாயமாக எரியூட்டியமைக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புத் தெரிவித்தது. காடையரின் வன்செயலுக்கும், சுற்றறிக்கையின் கொடுமைக்கும் மன்னிப்புக் கோர முடியுமாயின், பாராளுமன்றமே விவாதித்து, வாக்கெடுத்து நிறைவேற்றிய சட்டத்துக்கு அதே பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோருவது இயலாததன்று. உண்மையில், பொறுப்பாளர் யாவர் என்பது இங்குதான் மிகத் தெளிவாகப் பதிவாகியுள்ளது.

தமிழர்க்குரிய பங்கு

பழியனைத்தையும் பெரும்பான்மையினர்மீது சுமத்தித் தமிழ்ச் சமூகம் விலகிக்கொள்ளுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 ஓகஸ்டிற் பிரஜாவுரிமை மசோதாவை எதிர்த்தார்; மறுமாதம் அமைச்சராகிய அவர், அடுத்துவந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் மசோதாவை ஆதரித்தார். அது விண்ணப்பத்துக்கு ஒரு வாயிலையேனும் திறந்தது என அவர் சார்பில் வாதிடுவோரும் உளர். இப்பிரச்சினையில் மாறுபட்ட சா. ஜே. வே. செல்வநாயகமும் அவர்தம் சகாக்களும் 1949 டிசம்பரிற் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர் என்பது அத்தவறு அக்காலத்திலேயே தமிழரால் உணரப்பட்டது என்பதற்குச் சான்றாகும்.

ஆயினும், வாக்களித்தவரோடு இப்பொறுப்பு முடிவடைவதில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்னும் இழிசொல் வடக்கிலும் கிழக்கிலும் கொழும்பிலும் தமிழ் வாய்களிலிருந்தே பிறந்தது. 1977 ஆம் ஆண்டு வன்செயல்களின் பின்னர் வன்னிக்கு இடம்பெயர்ந்த மலையகக் குடும்பங்கள் பல அங்கும் கூலிக்கு உழைக்கும் கரங்களாகவே நோக்கப்பட்டன. ஒரே மொழி பேசுவோரிடையே நிலவும் இவ்வேற்றத்தாழ்வுக்குச் சட்டம் எழுதப்படவில்லை. ஆதலால் அதனை நீக்கச் சட்டமும் போதாது. அரசிடம் மன்னிப்பை எதிர்பார்க்கும் சமூகம் தன் அயலவரிடம் தானும் அதனைக் கோரக் கடமைப்பட்டது. கற்றோர் குழாமும் பல்கலைக்கழகங்களும் இதற்கு விலக்கல்ல.

முடிவுரை

மன்னிப்பு வெறுஞ்சொல், காணியும் வீடும் நியாயமான சம்பளமும் அன்றோ வேண்டுவன என வினவுவார் உண்டு. இவ்வினா நியாயமானதே. சொல்லோடு நின்றுவிடும் மன்னிப்பு ஏமாற்றாகும். ஆனால், ஒப்புக்கொள்ளாது கொடுக்கப்படும் காணியும் தருமமாகவே எண்ணப்படும். தருமம் பெற்றவன் நன்றி கூறவேண்டும், உரிமை மீண்டவன் தலைநிமிர்ந்து நடப்பான். வீடு பெறும் தொழிலாளி மேடையிலுள்ள அமைச்சரை வணங்கி நிற்பதும், உரித்தானதைப் பெறும் பிரஜையாக நிற்பதும் வெவ்வேறு வாழ்வுகளாம்.

2023 ஆம் ஆண்டு ஜூலை இறுதியில், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நெடும்பயணம் ஒன்று நடைபெற்றது. முன்னோர் நடந்துவந்த பாதையிலேயே பின்னோர் நடந்தனர். ஒப்பாரிக் கோச்சி ஒருகாலத்தில் மக்களைக் கொண்டுசென்று இறக்கிய அதே கரையிலிருந்து, இம்முறை மலையை நோக்கி அவர்கள் புறப்பட்டனர். அவர்களது கோரிக்கைகளில் முதன்மையானது தம் வரலாற்றையும் போராட்டத்தையும் பங்களிப்பையும் இந்நாடு ஏற்று அங்கீகரிக்கவேண்டும் என்பதாகும். பாண்டியன் அவையிற் கண்ணகி கேட்டதும் அதுவே: நடந்தது இன்னதென்று நடந்தவாறே கூறப்படல். அதனைக் கூறும் வாய் பாராளுமன்றத்திலும் தமிழர் மத்தியிலும் திறக்கும் நாளில் இரு நூற்றாண்டுக் கடனின் முதற் தவணை செலுத்தப்பட்டதாகும். அதனை ஏற்பதா, எவ்வளவுக்கு ஏற்பது என்பதைத் தீர்மானிப்பவர்கள் மலையக மக்களே.