வார ஓய்வு வந்த வரலாறு

ஊர்விட்டு வந்து உழைக்கும் நம்மில் பலர் வார ஓய்வின் வரலாற்றை எண்ணுவதில்லை.

அரசாங்கம் தொழிலைக் கட்டுப்படுத்துவது எளியோரைக் காக்கவா, வலியோர்க்கு உதவவா? அறிஞர் இரண்டையும் வாதிப்பர். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் பிறந்தது. அதை நோக்குங்கால் இரண்டும் மெய்யென்றே நமக்குத் தோன்றுகிறது. பம்பாய் ஆலைகளின் போட்டிக்கு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகள் அதனை வற்புறுத்தினர். குழந்தைகள்பால் இரக்கங்கொண்டோரும் உடனிருந்தனர். அந்த இரக்கத்தின் அளவையும் கூறிவிடுவோம்: ஏழு வயதுக் குழந்தை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் உழைக்கலாம்! வளர்ந்தோரின் வேலை நேரத்தைச் சட்டம் தீண்டவேயில்லை.

1884-இல் நாராயண் மேகாஜி லோகாண்டே பம்பாய்த் தொழிலாளரைக் கூட்டி வார ஓய்வு கோரினார். 1891-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வழங்கிற்று. நோயுற்ற நாளின் கூலியோ அப்போதும் எவர் பொறுப்புமன்று. அப்பொறுப்பை 1948-இல் இயற்றிய தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் ஏற்றது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் அத்திட்டம் தொடங்கியது.