கிளாரினெட்டின் மேல் சுரங்கள்: ஒரு சிறு வரலாறு



பொயிண்ட் குக்கில் பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட் வாசிக்கும் நம் சபைப் பிள்ளை ஒருத்தி சென்ற ஆண்டு என்னிடம் கேட்டாள்: "மேல் சுரத்துக்குப் போனாலே கிறீச்சிடுகிறது அங்கிள். இது நம்முடைய வாத்தியமும் இல்லையே, விட்டுவிடட்டுமா?" அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன்.

சுமார் 1700இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் யோகான் கிறிஸ்டோஃப் டென்னர் இதை உருவாக்கியதாகச் சொல்வார்கள். இதன் மேல் சுரங்கள் தூரத்தில் எக்காளம்போல் ஒலித்ததால், 'சின்ன எக்காளம்' என்ற பொருளில் பெயர் அமைந்தது. ஆகவே, உங்களுக்குப் பயம் தருகிற அந்த மேல் சுரம்தான் இதற்குப் பெயரையே தந்தது!

தஞ்சாவூரில், மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர், அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியக் குழுவை வைத்திருந்தார். 19ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் கிளாரினெட்டைச் சதிர் மேடைக்குக் கொண்டுவந்தார். பின்பு நம் ஊர்த் திருமண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியத்தோடு பாட்டைத் தூக்கிச் சென்றதும் இதுதான்.

திருச்சியின் ஏ.கே.சி. நடராஜன் (பிறப்பு 1931) இதில் கமகங்களை இழைத்து, கர்நாடக இசையை முழுக் கச்சேரியாக வாசித்தார். நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை அவரை 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பாராட்டினார். 2008இல் சங்கீத கலாநிதி விருதும், 2022இல் பத்மஸ்ரீ விருதும் அவருக்குக் கிடைத்தன. இனி, இது நம்முடைய வாத்தியம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

சரி, கிறீச்சொலிக்கு வருவோம். இடது கட்டைவிரல் சாவியைத் திறந்தால் கிளாரினெட் பன்னிரண்டாவது சுரத்துக்குத் தாவும். அதற்கும் மேலே செல்ல இடது ஆட்காட்டி விரலை விலக்க வேண்டும். அங்கே பயந்து ரீடைக் கடித்தால் அது அதிர இடமில்லை. ஒலி மெலிந்து கிறீச்சிடும். கடிக்காதீர்கள். உதடு நிலையாக இருக்கட்டும். 'ஈ' என்று சொல்வதுபோல் நாக்கு உயரட்டும். வயிற்றிலிருந்து காற்று ஒரே சீராக விரையட்டும். முதலில் கீழ்ச் சுரம் ஒன்றை நீட்டி ஊதுங்கள். வாயை மாற்றாமல் சாவியை மட்டும் திறந்து பாருங்கள்.

அவள் விட்டுவிடவில்லை. பிள்ளைகளே, நீங்களும் விட்டுவிடாதீர்கள். பெற்றோரே, வீட்டில் கிறீச்சொலி கேட்கும்போது கதவைச் சாத்தாதீர்கள், கொஞ்சம் பொறுத்திருங்கள்.