ரோலர் கோஸ்டர்: இறக்கம் இலவசம், ஏற்றம்தான் செலவு

பெருமாள்மலைக்காரன் ரோலர் கோஸ்டர் பத்தி பதிவு போடுறதில் ஒரு நியாயம் இருக்கு. வத்தலக்குண்டு பக்கமிருந்து ஏறும் சாலையும் பழனியிலிருந்து ஏறும் சாலையும் வந்து சேரும் ஊர் எங்களுடையது. ரெண்டிலுமே கொண்டை ஊசி வளைவுக்குப் பஞ்சமில்லை. "தினமும் பஸ்ஸுல ஓசியா கிடைக்கிறதுக்கு எவனாவது ஆயிரம் ரூவா குடுப்பானா?" என்பது எங்க ஊர்ப் பெரிசுகளின் கருத்து :-)

ஆனா பஸ்ஸுக்கு எஞ்சின் இருக்கு, கோஸ்டருக்கு இல்லை. சங்கிலியோ கேபிளோ பிடித்து முதல் மேட்டின் உச்சிவரை இழுத்துவிடும். அதுக்கப்புறம் எல்லாமே புவியீர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும். பழனியில் விஞ்சில் போனவர்களுக்கு முதல் பாதி தெரிந்திருக்கும். அதே விஞ்ச் உச்சிக்குப் போனதும் கயிற்றைக் கழற்றி விட்டால் என்ன ஆகும்? அதுதான் ரெண்டாம் பாதி. (முருகா, காப்பாத்து!)

பொருட்காட்சிகளில் நாம் சின்ன வயசில் ஏறின டிராகன் ரயில் இந்தக் கணக்கில் சேராது. அது பெரும்பாலும் மோட்டாரில் ஓடுவது. சுத்தமான கோஸ்டருக்கு இறங்கும்போது மோட்டார் உதவி கிடையாது.

கொஞ்சம் ஃபிளாஷ்பேக். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் குளிர்காலத்தில் மரச் சரிவு கட்டி, மேலே தண்ணீர் ஊற்றி உறைய வைத்து சறுக்கி விளையாடினார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 1827ல் நிலக்கரி இறக்க ஒரு மலை ரயில்பாதை போட்டார்கள். கரி வண்டி தானாகவே கீழே ஓடும், காலி வண்டியைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்து வரும். அந்தக் கழுதைகளும் இறங்கும்போது வண்டியில்தான் பயணம்! பிற்பாடு அதே பாதை சுற்றுலாப் பயணிகளுக்கான சவாரி ஆகிவிட்டது.

இதைப் பார்த்து லாமார்கஸ் தாம்சன் என்பவர் 1884ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஒரு சவாரி அமைத்தார். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்கு வெறும் 10 கி.மீ. அளவுதான். நம்ம ஊர் சைக்கிளே முந்திடும். ஆனாலும் கூட்டம் அலைமோதியது.

நிஜமான திருப்பம் 1919ல் வந்தது. ஜான் மில்லர் என்ற பொறியாளர் தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் வைத்துக் காப்புரிமை வாங்கினார். மேலே ஒண்ணு பாரம் தாங்க, பக்கவாட்டில் ஒண்ணு வளைவில் விலகாமல் இருக்க, அடியில் ஒண்ணு பெட்டி மேலே எகிறாமல் இருக்க. மேட்டின் உச்சியில் நம்ம வயிறு மட்டும் பறக்குது, பெட்டி பறக்கலைன்னா அந்த மூணாவது சக்கரத்துக்கு நன்றி சொல்லணும். 1959ல் டிஸ்னிலாண்டில் எஃகுக் குழாய் தண்டவாளம் வந்தது. 1975ல் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் ஆளைத் தலைகீழாகச் சுழற்றும் கார்க்ஸ்க்ரூவும் வந்துவிட்டது.

சரி, நம்ம நாட்டுக் கதை. இந்தியாவின் முதல் பொழுதுபோக்குப் பூங்கா என்று பொதுவாகச் சொல்லப்படுவது டில்லி பிரகதி மைதானத்தில் இருந்த அப்பு கர். 1982 ஆசிய விளையாட்டின் சின்னமான யானைக்குட்டி அப்புவின் பெயர். 1984 நவம்பர் 19 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அடுத்து 1989ல் மும்பை கோராயில் எஸ்ஸெல் வேர்ல்டு. 1991ல் கொல்கத்தா சால்ட் லேக்கில், மேற்கு வங்க அரசும் பங்கு சேர்ந்த நிக்கோ பார்க். அங்கே 2003ல் வந்த சைக்ளோன்தான் இந்தியாவின் முதல் மர ரோலர் கோஸ்டர்.

நம்ம பக்கம் 1995ல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா. ஆரம்பித்தவர் நவோதயா அப்பச்சன். ஆமாம், இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த அதே தயாரிப்பாளர். 2000ல் கொச்சியில் கொச்சவுசேப் சிட்டிலப்பள்ளி வீகாலாண்ட் தொடங்கினார். 2005ல் பெங்களூரில் வொண்டர்லா.

2013ல் மும்பை-புனே பாதையில் கோபோலியில் அட்லேப்ஸ் இமேஜிகா வந்தது. அங்குள்ள நைட்ரோவைச் செய்தது சுவிட்சர்லாந்தின் பொலிகர் அண்ட் மாபிலார்ட். உயரம் சுமார் 40 மீட்டர், காலுக்குக் கீழே தரை கிடையாது, 5 இடத்தில் தலைகீழ். பிளஸ் ஒன் பௌதிகத்தை வைத்து ஒரு கணக்கு: 40 மீட்டர் விழுந்தால் வேகம் நொடிக்கு 28 மீட்டர், அதாவது மணிக்கு 100 கி.மீ. நைட்ரோவின் வேகமாகச் சொல்லப்படுவது சுமார் 105. பாடப்புத்தகம் பொய் சொல்லலை மக்களே!

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். ரோலர் கோஸ்டரை ஓட வைப்பது பௌதிகம். வாழ வைப்பது நிலம், வரி, பராமரிப்பு. நம்ம நாட்டில் பௌதிகம் ஒரு பூங்காவையும் மூடவில்லை, மற்ற மூணும்தான் பதம் பார்த்திருக்கின்றன.

அப்பு கரின் நிலம் உச்ச நீதிமன்றத்துக்கும் மெட்ரோவுக்கும் தேவைப்பட்டது. 2008 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். எஸ்ஸெல் வேர்ல்டு 2022ல் கதவைச் சாத்தியது. இமேஜிகா கடன் சுமையில் தள்ளாடி அதே வருடம் மல்பானி குழுமத்துக்குக் கைமாறியது. வரி? 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது இந்தப் பூங்காக்களுக்கு 28 சதவீதம். தொழில்காரர்கள் கதறிய பிறகு 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். சென்னை வொண்டர்லா பல வருடம் இழுத்துக்கொண்டே போனதுக்குத் தமிழ்நாட்டின் உள்ளாட்சி கேளிக்கை வரி ஒரு முக்கியக் காரணம். அதில் விலக்கு கிடைத்த பிறகே வேலை வேகம் எடுத்தது. ஒருவழியாக 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் திறந்தார்கள். அங்குள்ள தஞ்சோராவில் தண்டவாளம் தலைக்கு மேல், நம்ம கால் அந்தரத்தில். தயாரிப்பு நைட்ரோவைச் செய்த அதே சுவிஸ் கம்பெனி.

மூணாவதான பராமரிப்புதான் மனசை உறுத்துவது. 2016 மே மாதம் கிஷ்கிந்தாவில் ஒரு ராட்டினத்தைச் சோதனை ஓட்டம் பார்த்தபோது விபத்து. ஊழியர் ஒருவர் இறந்தார், இன்னும் பல ஊழியர்களுக்குக் காயம். டிக்கெட் வாங்கிய ஒருவர்கூட அந்தச் சவாரியில் இல்லை. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊஞ்சல் போல ஆடும் சவாரி முறிந்து 2 பேர் பலி. 2025 ஏப்ரலில் டில்லியில் ஒரு பூங்காவின் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து ஓர் இளம்பெண் இறந்துபோனார்.

சாஃப்ட்வேரில் டெஸ்டிங் சரியா பண்ணலைன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும், சரி பண்ணிட்டுத் தூங்கிடலாம். இங்கே அப்படியொரு வசதி கிடையாது. வெல்டிங்கில் மயிரிழை விரிசல், தேய்ந்த சக்கரம், சரியாப் பூட்டாத பிடி... இதையெல்லாம் தினமும் காலையில் கதவு திறக்கும் முன் ஒருத்தர் பார்த்தாகணும். மேற்கத்திய நாடுகளிலும் விபத்து நடக்கத்தான் செய்கிறது. ஆனா புதுசா சவாரி இறக்கும்போது விளம்பரத்துக்குக் கிடைக்கிற பணமும் கவனமும், பத்தாவது வருடம் ஸ்பானர் பிடித்து நிற்கிறவருக்கும் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. கூட்டம் குறைஞ்ச பூங்காவில் முதலில் வெட்டு விழக்கூடிய செலவும் இதுதானே. டிக்கெட்டில் எங்கேயும் அச்சடிக்காத சமாச்சாரம் இது.

அதனால அடுத்த தடவை பூங்கா போனா கொஞ்சம் சீக்கிரமே போங்க. காலியா ஒரு ரயில் சோதனைக்கு ஓடுதான்னு பாருங்க. ஓடினா தைரியமா வரிசையில் நில்லுங்க. ஓடலைன்னா ஓட்டுறவரிடம் கேளுங்க, தப்பே இல்லை. பிடி சரியா பூட்டலைன்னா வெட்கப்படாம கத்துங்க. இறங்கினப்புறம் கத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்படியே ஒரு வேண்டுகோள். அப்பு கர், எஸ்ஸெல் வேர்ல்டு, பழைய கிஷ்கிந்தா... இங்கெல்லாம் எடுத்த படம் உங்க வீட்டு ஆல்பத்தில் கட்டாயம் இருக்கும். ஸ்கேன் பண்ணி, வருஷத்தோட ஒரு பதிவு போடுங்க. பூங்கா மூடினப்புறம் இரும்பு மிஞ்சாது, படமாவது மிஞ்சட்டும்.